ஈரம் காயக் காத்திருந்த கணப்பு

பீங்கான் ஓடு ஒன்றைக் கையில் எடுத்தால், அல்கோட் முதலில் அதைக் காதோரம் பிடித்து விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பான். நல்ல ஓடு மணிபோல ஒலிக்கும். விரிசல் விழுந்தது பலகையைத் தட்டியதுபோல மந்தமாக ஒலிக்கும். கடையில் ரொட்டி வாங்கும்போதும் அவன் அப்படித்தான் தட்டிப் பார்க்கிறான் என்று அவனுடைய அக்கா தெக்லா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அது பொய்யில்லை. தட்டிப் பார்க்காமல் எதையும் நம்புகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

ஐம்பதைத் தாண்டிய தனிக்கட்டை அவன். வெட்டெர்ன் ஏரிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், சாலையோரக் களஞ்சியம் ஒன்றைப் பட்டறையாக்கிக் கொண்டு, பழைய ஓட்டுக் கணப்புகளை, அதாவது பீங்கான் ஓடு போர்த்திய ஆளுயர விறகு அடுப்புகளை, பிரித்து எடுத்துவந்து, பழுது நீக்கி, வேறு வீடுகளில் நிறுவிக் கொடுத்தான். எழுபதுகளின் பிற்பாதியில் அந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. நோர்ஷேப்பிங் நகரத்தில் பழைய குடியிருப்புகளை இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் விலை ஏறியதிலிருந்து நாட்டுப்புறத்தில் எல்லோரும் மறுபடி விறகு எரிக்க வழி தேடினார்கள். ஒருவர் வேண்டாமென்று வீசியதை இன்னொருவர் வருந்திக் கேட்டு வாங்கினார். இருவருக்கும் நடுவே அல்கோட்டின் வேன் ஓய்வில்லாமல் ஓடியது.

கணப்பை உச்சியிலிருந்துதான் பிரிக்க வேண்டும். மகுடத்தை இறக்கி, வரிசை வரிசையாக ஓடுகளைக் கழற்றி, ஒவ்வொன்றின் முதுகிலும் மெழுகுக் கோலால் அடையாளமிட்டு, தொட்டியில் ஊறவைத்துப் பழைய களிமண்ணைச் சுரண்டுவான். புதிய வீட்டில் அதே வரிசையில் அடுக்கி, பின்புறம் இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டி, உள்ளே செங்கல்லால் புகைவழிகளை எழுப்புவான். புகை நேரே வெளியே போய்விடாமல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, தன் சூட்டையெல்லாம் கல்லிடம் கொடுத்துவிட்டுத்தான் கூரைக்குப் போகும். காலையில் ஒரு கூடை விறகு எரித்தால் மறுநாள் விடியும்வரை ஓடுகள் கதகதப்பாக இருக்கும்.

ஆனால் கட்டி முடித்த கணப்பில் உடனே தீ மூட்டக் கூடாது. களிமண் குடித்திருக்கும் தண்ணீர் மெல்ல மெல்ல வெளியேற வேண்டும். இலையுதிர் காலத்தில் அதற்கு ஒரு மாதம் பிடிக்கும். அவசரப்பட்டால் உள்ளே ஆவி புறப்பட்டு, போக வழியில்லாமல் ஓட்டையே உடைத்துக்கொண்டு வரும். ஒருமுறை ஒரு பாதிரியார் வீட்டில், கிறிஸ்துமஸுக்கு விருந்தினர் வருகிறார்களென்று வீட்டம்மாள் அவனைக் கேட்காமல் மூட்டிவிட்டாள். பாடிக்கொண்டிருந்தவர்கள் மடியில் மெருகுத் துண்டுகள் தெறித்து விழுந்தன. நூறாண்டு பழைய கணப்பு ஒரே மாலையில் பாழாயிற்று.

அன்றிலிருந்து அல்கோட் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். வேலை முடிந்ததும், கணப்பின் பித்தளைக் கதவுகள் இரண்டையும் காற்றுப் போக நாலு விரல் இடைவெளி விட்டுச் சேர்த்து, பிடிகளைக் கம்பியால் பிணைத்து, குறடால் முறுக்கி, முனைகளை உள்ளே அழுத்திவிடுவான். அதை அவன் மட்டுமே வெட்டுவான். வெட்டுகிற நாளில் அந்த வீட்டார் காப்பியும் கேக்கும் வைத்து அவனை வரவேற்பார்கள். முதல் சுள்ளியை அவனே வைப்பான்.

அக்கா தெக்லாவின் வீடு ஏரிக்கரையில் இருந்தது. அந்த வீட்டிலும் ஒரு காலத்தில் வெள்ளைக் கணப்பு ஒன்று உண்டு. அறுபதுகளில் வீட்டைச் சூடாக்க எண்ணெய்க் கொதிகலன் வாங்கியபோது, அக்காவின் கணவர் எவர்ட் அதைச் சம்மட்டியால் உடைத்து, படகுக் கொட்டகைக்குப் போகும் பாதையின் பள்ளத்தில் கொட்டி நிரவிவிட்டார். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்தார். ஆனால் மண் அதை மறைக்கவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் உறைபனி இளகும்போது பாதையில் வெள்ளைச் சில்லுகள் மேலே வரும். தெக்லா பார்ப்பதற்கு முன் எவர்ட் அவற்றைப் பொறுக்கி ஏரியில் எறிந்துவிடுவார். தெக்லாவோ ஜன்னலருகே நின்று அவர் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஓர் ஆண்டு கோடையில் அவளுக்கு உடம்பு கெட்டது. இரத்தத்தில் நோய் என்றார்கள். வலியைவிட அவளை வாட்டியது குளிர். ஜூலை மாதத்தில் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கொதிகலனின் வெந்நீர் ஓடும் ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். சூடு தோலோடு நின்றுவிடுகிறது, எலும்புக்கு வருவதில்லை என்றாள்.

வியாழக்கிழமைதோறும் அல்கோட் அங்கே பட்டாணி சூப்பு சாப்பிடப் போவது வழக்கம். அப்படி ஒரு வியாழக்கிழமை அவள் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் கணப்பு வச்சுக் குடுக்கற. கூடப் பொறந்தவளுக்கு ஒண்ணு வைக்கணும்னு தோணலையாடா உனக்கு?"

"நீ கேக்கவே இல்லையே அக்கா. அத்தான் ஒத்துக்குவாரா?"

"அவரா? இருந்தத சம்மட்டியால அடிச்சுப் பாதைக்குப் போட்ட மகராசன். இந்த விஷயத்துல அவருக்கு வாயே கிடையாது."

எவர்ட் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தை மட்டும் திருப்பினார்.

அல்கோட்டின் களஞ்சியத்தில், யார் கேட்டும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்த கணப்பு ஒன்று இருந்தது. பால்வெள்ளை ஓடுகளில் நீலச் சோளப்பூ மாலைகள் வரைந்தது, உருண்டை வடிவம், மகுடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. எதற்காக வைத்திருக்கிறான் என்று அவனுக்கே தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்தது. செப்டம்பரில் அதை அக்கா வீட்டு முன்னறையில், பழைய கணப்பு இருந்த அதே மூலையில் கட்டத் தொடங்கினான்.

போர்வையைச் சுற்றிக்கொண்டு தெக்லா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவன் ஓடுகளைத் தட்டுவதையும், தடவுவதையும், ஒரு மயிரிழை சரியில்லையென்று கழற்றி மறுபடி வைப்பதையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"உனக்கு ஏன் கல்யாணம் ஆகலைன்னு இப்பத்தான் புரியுது. பொண்ணு பாக்கப் போன இடத்துல எல்லாம் தட்டிப் பாத்துட்டு, சத்தம் சரியில்லைன்னு வந்திருப்ப."

அவன் சிரித்தான். அவனுடைய வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் கட்டியதில்லை. வழக்கத்தைவிடக் களிமண்ணை மெல்லிதாகப் பூசினான். இணைப்புகளில் சவரக் கத்தியை நுழைக்க முடியாதபடி ஓடுகளின் விளிம்பைத் தேய்த்துச் சேர்த்தான். முடிந்ததும் கதவுகளில் கம்பியை முறுக்கினான். புனிதர் நாளுக்கு, அதாவது நவம்பர் முதல் சனிக்கிழமைக்கு, தீ மூட்டுவதென்று முடிவாயிற்று.

புகைபோக்கி துடைக்கும் ஃபோல்கே வந்து கூரையேறிச் சோதித்து, எங்கும் கசிவில்லையென்று சான்று கொடுத்தார். கைகழுவிக்கொண்டே, நாற்காலியில் சுருண்டிருந்த தெக்லாவைப் பார்த்துவிட்டு, ஒரு கைப்பிடிச் சுள்ளி எரித்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று அல்கோட்டிடம் தணிந்த குரலில் சொன்னார். அல்கோட் தலையசைத்து மறுத்தான். பாதிரியார் வீட்டு மெருகுத் துண்டுகள் அவன் கண்ணில் நின்றன. ஃபோல்கே வற்புறுத்தவில்லை. கட்டியவன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசுவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை.

அக்டோபரில் தெக்லா வேகமாக இளைத்தாள். மழை விடாமல் பெய்தது. வியாழக்கிழமைகளில் அல்கோட் வந்ததும் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஓட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான். குளிர்ந்திருக்கும். இன்னும் ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மேசைக்கு வருவான். அப்போதெல்லாம் அக்காவும் அத்தானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவன் கவனித்திருக்கிறான். நோயாளியும் நோயாளியைப் பார்த்துக்கொள்பவரும் பரிமாறிக்கொள்ளும் பார்வை என்று எடுத்துக்கொண்டான்.

புனிதர் நாளுக்கு முந்தின வாரத்து வியாழக்கிழமை. பனிக்காலத்தில் எவர்ட் வெளியே போட்டுக்கொள்ளும் மயிர்த்தொப்பியைத் தெக்லா வீட்டுக்குள்ளேயே அணிந்திருந்தாள். சூப்பை இரண்டு கரண்டிக்கு மேல் குடிக்கவில்லை.

"இன்னிக்கே ஏத்திடுடா," என்றாள்.

"அடுத்த சனிக்கிழமை அக்கா. இன்னும் ஒரே வாரம்தான்."

"அடுத்த சனிக்கிழமைக்குக் கணப்பு இருக்கும். நான் இருக்கணுமே."

"அப்படியெல்லாம் பேசாத."

"காஞ்சிருச்சுடா அது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் எவர்ட்டைப் பார்த்தாள். எவர்ட் ஜன்னலைப் பார்த்தார்.

"தெரியும்," என்றாள்.

அவனுக்குச் சிறு எரிச்சல் வந்தது. களிமண்ணைப் பற்றியும், இந்த மழையைப் பற்றியும், செங்கல்லின் நடுவயிற்றில் தங்கும் ஈரத்தைப் பற்றியும் பொறுமையாக எடுத்துச் சொன்னான். கடைசியில், "வெடிச்சா உனக்குக் குடுக்க என்கிட்ட வேற இல்ல அக்கா. இது ஒண்ணுதான்," என்றான்.

"வெடிச்சா வெடிச்சுட்டுப் போகுது. ஒரு தடவை சுட்டுட்டு வெடிக்கட்டும்."

கோட்டுப் பையில் குறடு இருந்தது. அதன் கனம் தொடையில் படுவதை அவன் உணர்ந்தான். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. அவள் சிறிது நேரம் காத்திருந்தாள். பிறகு, உன் கையையாவது கொடு என்று கேட்டு வாங்கி, தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். நாளெல்லாம் ஈரமண்ணில் கிடக்கும் கை அது.

"இதுவும் காயல," என்று சொல்லி விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் இறந்துபோனாள். இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையும் அந்த மயிர்த்தொப்பியும் போட்டிருந்தாள். எவர்ட் தொலைபேசியில் சொன்னது அவ்வளவுதான்.

புனிதர் நாளன்று ஊரார் கல்லறைத் தோட்டத்துக்கு மெழுகுவர்த்திகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். தெக்லாவுக்கு விளக்கு வைக்க இன்னும் கல்லறை இல்லை. அந்த ஊர் வழக்கப்படி அடக்கத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. எவர்ட் வரச்சொல்லியிருந்ததால் அல்கோட் ஏரிக்கரை வீட்டுக்குப் போனான். குறித்த நாள் என்பதால் கம்பியை வெட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தான். அக்காவுக்காக ஒரு தடவை எரித்துப் பார்ப்பார்கள். அந்தச் சூட்டில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவு போதுமென்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான்.

எவர்ட் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

"பிரிச்சு எடுத்துட்டுப் போயிடு அல்கோட். என்னால இத பாத்துக்கிட்டு இருக்க முடியல."

அவன் வாதாடவில்லை. கணப்பின் பக்கத்தில் ஒரு பிரம்புக் கூடை இருந்தது. அதில் சட்டென்று பற்றும் பிர்ச் மரப்பட்டையை நாடா நாடாவாகக் கிழித்து, விரல்கனச் சுள்ளிகளை ஒரே நீளத்தில் நறுக்கி, மேலே நீளத் தீக்குச்சிப் பெட்டியை வைத்திருந்தாள் தெக்லா. அவளால் கரண்டியே தூக்க முடியாத நாட்களில் அதைச் செய்திருக்க வேண்டும். கூடையைக் காலால்கூடத் தொடாமல் சுற்றி நடந்துபோய் அவன் கம்பியை வெட்டினான். அவன் முறுக்கியபடியே இருந்தது அது.

ஏணி போட்டு மகுடத்தை இறக்கினான். இப்படிப்பட்ட இளங்கணப்பைப் பிரித்தால் களிமண் கரிய பாலாடைக்கட்டிபோலக் கையோடு வரும் என்று அவனுக்குத் தெரியும். முதல் வரிசை ஓட்டை அசைத்தபோது களிமண் பொடியாக உதிர்ந்து அவன் சட்டைக்கைக்குள் இறங்கியது. மேல்வரிசை முந்திக் காய்வது இயல்புதான் என்று எண்ணிக்கொண்டான். இரண்டாவது வரிசையும் உதிர்ந்தது. இடுப்பு உயரத்துக்கு வந்தபோது புகைவழிச் செங்கற்கள் வெளிப்பட்டன. ஈரச் செங்கல்லின் கருஞ்சிவப்பு எங்குமே இல்லை. எல்லாம் வெளிறிக் கிடந்தன. ஒரு செங்கல்லை உருவி, கொல்லுளியால் பிளந்து, நடுவயிற்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். எலும்புபோல உலர்ந்திருந்தது.

ஒன்பதே நாளில் இப்படிக் காயாது. அவள் கேட்ட அன்றும் இது இப்படித்தான் இருந்திருக்கும். எப்படியென்றுதான் அவனுக்கு விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் கை பொய் சொல்லவில்லை.

செங்கல்லின் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பெட்டியின் அடியில் வைத்தான். பிறகு தொடர்ந்து ஓடுகளைக் கழற்றினான். எவர்ட் காப்பிக் கோப்பைகளோடு உள்ளே வந்து, உதிர்ந்து கிடந்த மண்ணுக்கு முன்னால் நின்றார்.

"ஈரமாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

அல்கோட் ஒருபோதும் தன் வேலையைப் பற்றிப் பொய் சொன்னதில்லை. இப்போது, இந்தக் கிழவர் மிச்ச நாளை எதைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவார் என்று நினைத்துப் பார்த்தான். தன்னைப் பற்றியும் நினைத்தான்.

"ஈரம்தான் அத்தான். ஏத்தியிருந்தா வெடிச்சிருக்கும்."

எவர்ட் கோப்பைகளை ஜன்னல் விளிம்பில் வைத்தார். குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து விரல்களுக்கு நடுவே நசுக்கினார். தூசு தரைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொய் சொல்லாத. மூணு வாரமா உள்ள பல்பு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

அல்கோட் ஓட்டை மார்போடு அணைத்தபடி ஏணியில் நின்றான். எவர்ட் அவனைப் பார்க்காமலே சொன்னார். படகு வேலைக்கு வைத்திருந்த, நீள வயரில் பல்பு தொங்கும் கைவிளக்கை, மண் சீக்கிரம் காயட்டுமென்று, கதவுகளுக்கு நடுவே அவன் விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே இறக்கினாராம். இரவும் பகலும் எரிந்ததாம். அந்த இடைவெளியில் தெரிந்த வெளிச்சத்துக்கு எதிரே தெக்லா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்காருவாளாம். வியாழக்கிழமை விடிந்ததும் விளக்கை எடுத்துவிடுவாராம். அவன் சாயங்காலம் வருவதற்குள் ஓடு ஆறிவிடும்.

"அவ உன்கிட்ட சொல்லச் சொன்னா. நாந்தான் வேணாம்னேன். அவன் வேலையில கை வச்சா கோவிச்சுப்பான், சனிக்கிழமை வரட்டும்னேன்."

"அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே அத்தான். அக்கா கேட்டப்போ."

"எந்த வாயால சொல்ல? முதல் கணப்ப உடைச்சவன் நான். ரெண்டாவதையும் நானே கெடுத்தேன்னு ஆகிடுமோன்னு பயந்துட்டேன்." சற்று நின்று கேட்டார்: "சொல்லியிருந்தா ஏத்தியிருப்பியா?"

ஏற்றியிருப்பேன் என்று சொல்ல அல்கோட் வாய் திறந்தான். ஆனால் அந்த வியாழக்கிழமையின் அல்கோட்டை அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் முகம் சிவந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் அது இன்னும் ஆபத்து என்று சொல்லியிருப்பான். விளக்கை எடுக்கச் செய்து, நாளைப் புதிதாக எண்ணத் தொடங்கியிருப்பான். அதையும் பொறுமையாகத்தான் எடுத்துச் சொல்லியிருப்பான்.

அவன் கையிலிருந்த ஓட்டை எவர்ட் வாங்கிப் பெட்டியில் வைத்தார். காப்பி ஆறியது. சாயங்காலத்துக்குள் இருவருமாகப் பெட்டிகளை வேனில் ஏற்றினார்கள்.

அதன் பிறகும் அல்கோட் தொழிலை விடவில்லை. அவனுக்கு வேறொன்றும் தெரியாது. சோளப்பூக் கணப்பு அந்தக் குளிர்காலம் முழுவதும் பெட்டிகளில் கிடந்தது. பிறகு வாட்ஸ்டெனாவில் ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பத்துக்குப் போயிற்று. கட்டி முடித்ததும் எப்போது மூட்டலாம் என்று அவர்கள் கேட்டார்கள். ஒரு மாதம் காத்திருக்க வேண்டும் என்றான். அது சரியான பதில்தான். புதிய களிமண் உண்மையிலேயே ஈரமாக இருந்தது. அக்காவிடமும் அவன் சொன்ன சொற்கள் இவையேதான். கம்பியை எடுத்துப் பிடிகளில் சுற்றியவன், முறுக்க முடியாமல் குறடை அந்த வீட்டு அம்மாளிடம் நீட்டினான். அதுவும் ஒரு வழக்கம் போலும் என்று எண்ணிக்கொண்டு அவள் சந்தோஷமாக முறுக்கினாள்.

அந்த ஆண்டிலிருந்து கம்பியை வீட்டாரேதான் முறுக்குகிறார்கள். வெட்டும் நாளுக்கு அழைத்தால் வேறு வேலை இருப்பதாகச் சொல்லிவிடுகிறான்.

வியாழக்கிழமைகளில் இப்போதும் ஏரிக்கரை வீட்டுக்குப் போகிறான். எவர்ட் வைக்கும் சூப்பில் உப்பு எப்போதும் கூடுதல்; இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வசந்தத்தில் பாதையில் வெள்ளைச் சில்லுகள் மேலே வந்தன. இந்த முறை எவர்ட் பொறுக்கவில்லை. அல்கோட்டின் காலணிக்கு அடியில் அவை நொறுங்கின.

முன்னறை மூலையில் கணப்பு நின்ற வட்டம் தரையில் வெளிறித் தெரிந்தது. அங்கே எவர்ட் எதையும் வைக்கவில்லை. நாற்காலி அந்த வட்டத்தைப் பார்த்தபடியே கிடந்தது. பக்கத்தில் தெக்லாவின் கூடையும் அப்படியே இருந்தது. ரேடியேட்டர் சூட்டில் பிர்ச் பட்டைகள் நன்றாக உலர்ந்து, ஒவ்வொன்றும் சுருண்டுபோயிருந்தன. ஒரு தீக்குச்சி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். அந்த வீட்டில் அதை வைத்து எரிக்க இடமில்லை.